தரைக்கு அடியில் ஒரு எமன்

கொரியாவின் பழைய வீடுகளில் குளிரை விரட்ட 'ஓண்டோல்' என்றொரு ஏற்பாடு உண்டு. அடுப்பின் சூடான புகை தரைக்கு அடியிலுள்ள கற்பாதைகளில் ஓடிப் புகைபோக்கி வழியே வெளியேறும். சூடான அந்தத் தரையில்தான் படுக்கை.

கொரியப் போருக்குப் (1950-53) பின் நகரங்கள் விறகை விட்டு 'யோந்தான்' எனும் துளையிட்ட நிலக்கரிக் கட்டிக்கு மாறின. மலிவு, இரவெல்லாம் கனலும். ஆனால் காற்றுப் போதாமல் கனலும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தரையில் ஒரு விரிசல் போதும், தூங்கிய குடும்பம் விடிந்தும் எழாது!

மயங்கியவருக்கு முள்ளங்கி ஊறிய புளிப்பு நீரைக் கொடுப்பது அக்கால வழக்கம். பயனில்லை. இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தேவை தூய காற்றும் ஆக்சிஜனும்தான்.

பின்னாளில் தரைக்கு அடியில் புகைக்குப் பதில் வெந்நீர்க் குழாய்கள் வந்தன. குழாய் விரிந்தால் கசிவது வெறும் தண்ணீர். ஆனால் நீரைச் சுடவைக்கும் கேஸ் பாய்லருக்கும் புகைக்குழாய் உண்டே! 2018 டிசம்பரில் காங்னுங் நகர விடுதியொன்றில் அக்குழாய் விலகியதால் தங்கியிருந்த பள்ளி மாணவர்கள் மூவர் இறந்தனர். 2020 முதல் புதிய கேஸ் பாய்லருடன் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயமானது.

மூக்கு அறியாததைக் கருவிதான் அறிய வேண்டும்.