வகை மாறிய கல்

1984 டிசம்பர் 27. அண்டார்டிகாவின் ஆலன் ஹில்ஸ் பகுதியில் அமெரிக்கக் குழு ஒன்று பனிவண்டிகளில் விண்கற்களைத் தேடிக்கொண்டிருந்தது. ராபர்ட்டா ஸ்கோர் என்பவரின் கண்ணில் ஒரு கல் பட்டது. எடை 1.93 கிலோ. பனியில் பார்த்தபோது பச்சையாகத் தெரிந்ததாம். ஆய்வகத்தில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். இருந்தாலும் விசித்திரமாக இருந்ததால் அந்தப் பருவத்தின் முதல் எண் அதற்குக் கிடைத்தது: ஏ.எல்.எச். 84001.

விண்கல் தேட அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 1969-இல் ஜப்பானியக் குழு ஒன்று யமாட்டோ மலைப் பக்கத்தில் ஒன்பது கற்களைப் பொறுக்கியது. ஒரே கல் உடைந்து சிதறியது என்றால் எல்லாம் ஒரே வகையாக இருக்கணும். ஆனால் அவை வெவ்வேறு வகை. பனிதான் அவற்றைச் சுமந்து வந்திருக்கிறது. கடலை நோக்கி நகரும் பனியை மலை தடுக்கிறது, காற்று மேற்பரப்பைத் தேய்க்கிறது, கற்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

84001 ஹியூஸ்டனுக்குப் போனது. அங்கிருந்து ஒரு சின்னத் துண்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியனுக்கு. துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் கனிமங்கள் தெரியும். பெரும்பாலான கல் விண்கற்களில் காண்ட்ரூல் என்ற குட்டி உருண்டைகள் இருக்கும். இதில் இல்லை. ஏறக்குறைய முழுவதும் ஆர்த்தோபைராக்சீன், அதாவது உருகிய குழம்பிலிருந்து உறைந்த படிகங்கள். அன்று தெரிந்த வகைகளில் இதற்குப் பொருந்தியது டயோஜெனைட். வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து வந்ததாகக் கருதப்படும் வகை. செவ்வாய்க் கற்கள் என்று அப்போது பேசப்பட்டவற்றில் எதுவும் இந்த மாதிரி இல்லை. ஆக, அந்த முடிவில் அலட்சியம் இல்லை. கையிலிருந்த பட்டியலுக்குள் அது சரியான முடிவுதான்.

பிறகு டேவிட் மிட்டில்ஃபெல்ட் டயோஜெனைட்டுகளை ஆராய ஆரம்பித்தார். எலக்ட்ரான் கற்றையால் ஒவ்வொரு கனிமமாக அளந்தார். இதில் மட்டும் கணக்கு உதைத்தது. குரோமைட்டில் டயோஜெனைட்டில் இருக்கக்கூடாத அளவுக்கு ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு. சல்ஃபைடிலும் எதிர்பார்த்த ட்ராய்லைட்டுக்குப் பதிலாகப் பைரைட். 1993-இல் அவருக்குப் புரிந்தது, இது செவ்வாய்க் கல். ராபர்ட் கிளேட்டன் அளந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளும் அதையே சொல்லின. அந்தக் குடும்பம் செவ்வாயைச் சேர்ந்தது என்பதற்கான வலுவான சாட்சி வேறொரு அண்டார்டிகக் கல்லில் இருந்தது. அதன் கண்ணாடிக்குள் சிக்கிய வாயு, 1976-இல் வைக்கிங் விண்கலம் அளந்த செவ்வாய்க் காற்றோடு ஒத்துப்போனது.

1996-இல் இதே கல்லில் உயிரின் தடயம் இருக்கலாம் என்று மெக்கே குழு அறிவித்ததும் கிளின்டன் அது பற்றிப் பேசியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பெரும்பாலான அறிவியலாளர்கள் அதை ஏற்கவில்லை. என்னைக் கவர்வது அதற்கு முந்தைய பகுதி. முதலில் விவரித்தவர்கள் கொஞ்சமே வெட்டினார்கள். மீதியை நைட்ரஜன் நிரம்பிய பெட்டியில் வைத்தார்கள். விவரணையைச் செய்திமடலில் அச்சிட்டு, வேண்டியவர்கள் மாதிரி கேட்கலாம் என்று வழி விட்டார்கள். அதனால்தான் இன்னொருவர் வந்து மறுபடியும் அளக்க முடிந்தது.

பெயரையும் பாருங்கள். இடம், வருடம், எண். என்ன கல் என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. பொறியாளர்கள் பாகங்களுக்கு எண் வைப்பதும் இப்படித்தான்: இன்று நாம் என்ன நினைக்கிறோம் என்பதை எண்ணுக்குள் நுழைத்துவிட்டால், பிறகு அதைப் பிடுங்கி எடுப்பது பெரும்பாடு. டயோஜெனைட்டாக இருந்தபோதும் செவ்வாய்க் கல்லாக ஆனபோதும் அது 84001தான்.