கட்டிலாகிய எழுதுமேசை

வாழுமிடம் சுருங்குந்தோறும் புழங்கும் பொருள்கள் பல தொழில்களை ஏற்கின்றன. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய இல்லங்களில், முதுகுப்பலகையை முன்னே சாய்த்தால் மேசையாகிவிடும் நாற்காலிகள் இருந்தன. 1811ஆம் ஆண்டளவில் இலண்டனில் மார்கன், சாண்டர்ஸ் என்போர் விற்ற நாற்காலியோ, மடித்துக் கவிழ்த்தால் உயர்ந்த அடுக்கின் நூல்களை எட்ட உதவும் படியாயிற்று. முன்னதற்குக் காரணம் இடக்குறை; பின்னதற்குக் காரணம் செல்வர்தம் ஆர்வம். இவ்வகைப் பொருள்களின் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது, அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஒருவர் படைத்த கட்டில்.

1871இல் பெருந்தீக்கு இரையான சிகாகோ நகரம் விரைவில் மீண்டெழுந்தது. 1880இல் ஏறத்தாழ 5 இலட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, சுற்றூர்களும் இணைந்தபின் 1890இல் 11 இலட்சத்தை நெருங்கியது. உழைப்பாளர் குடும்பங்கள் சிற்றறைகளில் ஒண்டி வாழ்ந்தன. இரவில் இன்றியமையாத கட்டில் பகலில் இடையூறாயிற்று. அந்நகரில் அறைகலன் கடை நடத்திய சாரா கூட் இதற்கொரு தீர்வு கண்டார்.

1885 ஜூலை 14ஆம் நாள் அவருக்கு வழங்கப்பட்ட காப்புரிமையின் எண் 322177. அவர் அமைத்த கட்டிலை மடித்தால் எழுதுமேசையாகும். தாள் முதலிய எழுதுபொருள்களை வைக்கும் சிற்றறைகளும் அதில் உண்டு. மடியும் பகுதிகளின் பளுவை ஈடுசெய்யும் அமைப்பு இருந்தமையால் எளிதில் தூக்கவும் இறக்கவும் இயலும். மடிக்கும்போது படுக்கை நழுவாதிருக்கவும், விரிக்கும்போது நடுப்பகுதிக்குத் தாங்கல் தானே அமையவும் அவர் வழிசெய்திருந்தார்.

இதன் அருமையை அக்காலச் சூழலில் வைத்தே உணர முடியும். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது 1865இல்தான். அதற்குமுன் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் சட்டப்படி குற்றம். 1884இல் மாவு பிசையும் பொறிக்குக் காப்புரிமை பெற்ற ஜூடி ரீடு என்னும் கறுப்பினப் பெண்மணி, கையெழுத்துக்கு மாறாக ஒரு குறியே இட்டார். அடுத்த ஆண்டே அவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு பெண்மணி, சிற்றறைக்குள் எழுதுமேசைக்கு இடம் தேடித் தந்தார்.

ஆயினும் புகழ் அவரை நாடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரோடு மடியும் கட்டிலைச் செய்து விற்ற மர்ஃபியின் பெயரே அவ்வகைக் கட்டிலுக்கு நிலைத்தது. 1905இல் சாரா கூட் மறைந்தார். காப்புரிமை ஏடுகள் படைத்தவரின் இனத்தைக் குறிப்பதில்லை. கறுப்பினத்தாரின் ஆக்கங்களைத் தேடித் தொகுத்த ஹென்றி பேக்கர் போன்றோரின் உழைப்பு இல்லையேல் பல பெயர்கள் மறைந்தே போயிருக்கும். 2012இல் சிகாகோவில் சாரா கூட் பெயர் தாங்கிய பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. எழுதுமேசை படைத்தவரின் பெயர், மாணவர் எழுதிப் பயிலும் இடத்துக்கு வாய்த்தது பொருத்தமே.