நான் திருப்பி அனுப்பிய மாதா படம்



நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது பழைய காலண்டர் அட்டை ஒன்று கிடைத்தது. தேதித்தாள் எல்லாம் போய், வேளாங்கண்ணி மாதா படம் மட்டும் மிச்சம். பார்த்ததும் முப்பது வருடத்துக்கு முன் நான் செய்த தவறு ஒன்று மனதைக் குத்தியது.

பள்ளி ஓவியக் கண்காட்சிக்கு ஒரு மாணவி இதே மாதிரி படத்தைக் கொண்டுவந்தாள். "இது பிரஸ்ஸில் அடிச்சதும்மா, கலை இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். நடவு வேலைக்குப் போகும் அவள் அம்மா, திருவிழாவுக்கு நடந்தே போய் வாங்கி வந்த படம் அது. அவர்கள் வீட்டில் இருந்த ஒரே படமும் அதுதான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அச்சுப் படம் லேசான வேலை இல்லை. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் கல்லச்சு முறைதான். கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். பிறகு சிவகாசியில் ஆஃப்செட் வந்தது. முருகனும் லட்சுமியும் அச்சான ஊரிலேயே ஏசுவும் மாதாவும் அச்சானார்கள்.

கோவா ஓவியர் ஆஞ்செலோ ட ஃபொன்சேகா (1902–1967) சாந்திநிகேதனில் பயின்றவர். மாதாவைச் சேலை கட்டிய இந்தியப் பெண்ணாக வரைந்தார். சொந்த ஊரில் எதிர்ப்பு கிளம்பவே புனேக்குப் போய்விட்டார். எல்லா இனத்தாரின் கலைக்கும் திருச்சபையில் இடம் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவைத்தது 1963-இல்தான்.

நம் பக்கத்து ஜனங்கள் அதைப் படித்துவிட்டா செய்தார்கள்? பட்டுச்சேலையைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். வேளாங்கண்ணி மாதா சேலையில் நின்றார். 1962-இல் அந்தக் கோயில் பசிலிக்கா ஆனது. செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் போன இந்துக்களும் படம் வாங்கி வந்து பூ வைத்துக் கும்பிட்டார்கள். ஆயிரக்கணக்கில் அச்சடித்த படம்தான். ஆனால் வாங்கி வந்து சுவரில் மாட்டியவருக்கு அது ஒன்றே ஒன்று. இதைத்தான் நான் அன்று பார்க்கத் தவறினேன்.

அம்மாடி, நீ இதைப் படித்தால், உன் வாத்தியாரை மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் பழைய சாமி படம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். யார், எப்போது, எங்கே வாங்கியது என்று பெரியவர்களிடம் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள்.