எழுதாத சட்டம்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அதன் ஆடுகளத்தையும் சற்றே எட்டிப் பார்த்தல் வேண்டும். சட்டப் புத்தகத்தில் எழுதக் கூசியவற்றை மக்கள் தம் வழக்கத்தில் எழுதி வைத்துவிடுவதுண்டு. அத்தகைய எழுதாத சட்டம் ஒன்றைப் பற்றியும், அதனை எதிர்த்து நின்று ஆடிய டக் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க ஆட்டக்காரரைப் பற்றியும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. பெயரில் கால் இருப்பினும், பெரும்பாலும் கையாலேயே ஆடப்படுவது அது. பந்து இருமுனையும் கூரிய நீள் வடிவினது. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது ஒருவர் கைக்கே. அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். மலைபோன்ற எதிரிகள் தம்மை வீழ்த்த ஓடிவரும் மூன்று நான்கு நொடிகளுக்குள், பந்தை எறிவதா, பிறரிடம் கொடுப்பதா, தாமே ஓடுவதா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். படைக்குத் தளபதி எப்படியோ அப்படி அணிக்கு அவர்.

இந்த இடத்தில்தான் எழுதாத சட்டம் வந்து நின்றது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் 1934 முதல் 1945 வரை கறுப்பர் ஒருவர்கூட ஆடவில்லை. 1946-இல் கதவு திறந்தது. ஓடவும், பந்தைப் பிடிக்கவும், எதிரியைத் தடுக்கவும் கறுப்பரை அழைத்துக்கொண்டார்கள். ஆனால் தளபதியின் இடத்தைத் தரவில்லை. உடல் வலிமை உங்களுக்கு உண்டு, சிந்திக்கும் ஆற்றலும் தலைமைப் பண்பும் எங்களுக்கே உரியவை என்பதே அதன் உட்பொருள். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஒளிவிட்ட கறுப்பு இளைஞர்கள் தொழில்முறை அணிக்கு வந்ததும் வேறு இடத்திற்கு மாற்றப்பட்டனர். 1968-இல் டென்வர் அணியில் மார்லின் பிரிஸ்கோ என்பவர் அவ்விடத்தில் ஆடித் தம் முதல் ஆண்டிலேயே 14 எறிகளைப் புள்ளியாக்கினார். மறு ஆண்டு அந்த வாய்ப்பு அவருக்கு இல்லை; வேறோர் அணிக்குச் சென்று பந்து பிடிப்பவராக ஆடினார்.

டக் வில்லியம்ஸ் 1955-இல் லூசியானா மாநிலத்தில் சாக்கரி என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளியில் அவருக்கு ஆட்டம் கற்பித்தவர் அவருடைய தமையனார். பின்னர் அம்மாநிலத்தின் வடபகுதியில் உள்ள கிராம்பிளிங் என்னும் கறுப்பர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே எடி ராபின்சன் என்னும் ஆசான் இருந்தார். 1941 முதல் 1997 வரை ஒரே கல்லூரியில் பயிற்சி தந்து 408 வெற்றிகள் கண்டவர் அவர். தொடக்க ஆண்டுகளில் ஆடுகளத்துப் புல்லைத் தாமே வெட்டினார். வெளியூர் செல்லும்போது வெள்ளையர் உணவகங்களில் தம் மாணவர்களுக்கு இடமில்லை என்பதால் உணவைக் கட்டி எடுத்துச் சென்றார். கறுப்பர் ஒருவர் தொழில்முறைக் களத்தில் தளபதியாதல் வேண்டும் என்று உறுதி கொண்டு அவர் உருவாக்கிய ஜேம்ஸ் ஹாரிஸ், 1969-இல் பஃபலோ அணிக்குச் சென்றார். அந்த வழியில் அடுத்து வந்தவரே வில்லியம்ஸ். 1977-இல் அவர் 38 எறிகளைப் புள்ளியாக்கி, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசுத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார்.

இத்துணைச் சிறப்பிருந்தும் அவரை நேரில் வந்து ஆராய்ந்தவர் ஒருவரே. டாம்பா பே அணியின் பயிற்சியாளர்களில் ஒருவரான ஜோ கிப்ஸ் அவர். வில்லியம்ஸ் அப்போது ஆசிரியப் பயிற்சிக்காகப் பள்ளியொன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கிப்ஸ் அவ்வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து கவனித்தார். அவர் எறியும் கையை மட்டும் அளந்து போகவில்லை. அவர் பேசும் முறையையும் பிள்ளைகளை நடத்தும் பாங்கையும் கண்டார். ஒரு மனிதனை அறிய இதைவிட நல்ல வழி உண்டோ? 1978-இல் டாம்பா பே அவரை முதற்சுற்றிலேயே, 17-ஆவது ஆளாகத் தேர்ந்தது. அதே ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைப் புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் வெல்வித்த வாரன் மூன் என்னும் கறுப்பரை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கனடா சென்று ஆடினார்.

டாம்பா பே அணி தன் முதல் 26 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. வில்லியம்ஸ் வந்த மறு ஆண்டே, 1979-இல், அது பட்டத்திற்குரிய இறுதி ஆட்டத்தின் வாயில் வரை சென்றது. அவர் இருந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கு அவர் எறிந்தவற்றில் பாதிக்கும் குறைவானவையே சரியான கைகளில் சேர்ந்தன. ஆனால் பிறர் பிழைத்தால் பிழை அவரோடு போகும்; இவர் பிழைத்தால் அதற்கு இவர் நிறமே காரணம் என்றார்கள். அழுகிய தர்ப்பூசணியைப் பரிசுப்பொதி போலக் கட்டி, இழிசொல் எழுதி அவருக்கு அனுப்பியவர்களும் உண்டு.

1982-இல் அவர் பெற்ற ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர். பிற அணிகளில் மாற்று ஆளாக அமர்ந்திருந்த பலருக்கே அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. உரிய ஊதியம் கேட்டார், உடன்பாடு ஏற்படவில்லை. 1983 ஏப்ரலில் அவருடைய மனைவி மூளையில் ஏற்பட்ட நோயால் இறந்தார். கையில் பச்சிளங் குழந்தை. அவ்வாண்டு அவர் ஆடவில்லை. பின்னர், புதிதாகத் தோன்றியிருந்த வேறொரு லீக்கில் இரண்டு ஆண்டுகள் ஆடினார். 1986-இல் அதுவும் மூடப்பட்டது. அவரை இழந்த டாம்பா பே அணியோ, 1983 தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து, வென்றதினும் தோற்றதே மிகுதியாக ஆடிற்று.

அந்நிலையில் அவரை அழைத்தவர் யார்? வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அதே கிப்ஸ். அவர் அப்போது வாஷிங்டன் அணியின் தலைமைப் பயிற்சியாளர். மாற்று ஆளாக வந்த வில்லியம்ஸ், 1986-ஆம் ஆண்டு முழுவதும் எறிந்தது ஒரே ஓர் எறி. 1987-ஆம் ஆண்டின் இறுதிச் சுற்றுகள் தொடங்கியபோது கிப்ஸ் அவரையே முதல்வராக்கினார். சிகாகோவையும் மின்னசோட்டாவையும் வென்று அணி இறுதி ஆட்டத்தை அடைந்தது.

1988 ஜனவரி 31. சான் டீகோ நகரம். சூப்பர் பௌல் எனப்படும் பட்டப் போட்டியில் ஒரு கறுப்பர் முதன்முதலாகத் தளபதியாக இறங்கிய நாள் அது. முந்தைய நாள்தான் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். முதற்பகுதியின் முடிவில் டென்வர் அணி 10 புள்ளி, வாஷிங்டன் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு அவருடைய முழங்கால் பிசகியது. இரண்டு முயற்சிகளுக்கு வெளியே அமர்ந்திருந்தார். மீண்டும் வந்தார். இரண்டாம் பகுதி தொடங்கி ஒரு நிமிடம் ஆகுமுன் அவர் எறிந்த பந்தை ரிக்கி சாண்டர்ஸ் பற்றி ஓடினார். 80 கெஜம், புள்ளி! அந்தப் பதினைந்து நிமிடப் பகுதியில் மட்டும் அவருடைய நான்கு எறிகள் புள்ளிகளாயின. அணி சேர்த்தவை 35 புள்ளிகள். ஆட்டம் 42-10 என முடிந்தது. 340 கெஜம் எறிந்த வில்லியம்ஸே அன்றைய சிறந்த ஆட்டக்காரர் எனப்பட்டார்.

எனினும், ஒரே நாளில் வேலி விழுந்துவிட்டது என எண்ணாதீர்கள். வில்லியம்ஸ் அடுத்த ஆண்டே நோயாலும் காயத்தாலும் தம் இடத்தை இழந்தார். 1989-க்குப் பின் ஆடவில்லை. 1998-இல் தம் ஆசானுக்கு அடுத்தவராகக் கிராம்பிளிங்கில் பயிற்சியாளரானார். சூப்பர் பௌலை வென்ற இரண்டாவது கறுப்புத் தளபதியைக் காண உலகம் 2014 வரை, இருபத்தாறு ஆண்டுகள், காத்திருந்தது. 2023 பிப்ரவரியில் நடந்த அதே போட்டியில் இருபுறமும் தளபதிகளாக நின்ற இருவரும் கறுப்பர்.

ஒருவனுக்கு ஏணியைத் தராமலே அவனுக்கு ஏறத் தெரியாது என்று தீர்ப்புச் சொல்வது உலகில் நெடுநாளைய வழக்கம். இத்தகைய தீர்ப்பை நீங்கள் எங்கே கேட்டாலும், ஒரு கேள்வி கேளுங்கள்: அவனை ஏறச் சொல்லிப் பார்த்ததுண்டா? எழுதிய சட்டத்தை மன்றத்தில் மாற்றலாம். எழுதாத சட்டத்தை மாற்ற, துணிந்து ஆடுபவர் ஒருவரும், கடைசி வரிசையில் அமர்ந்து பொறுமையுடன் பார்ப்பவர் ஒருவரும் வேண்டும். முன்னவராகும் வாய்ப்பு நம்முள் சிலருக்கே கிடைக்கும். பின்னவராதல் நம் எல்லோராலும் இயலும்.