மிருதங்கத்தின் மேல் மணல்

விஞ்ஞானச் சோதனை என்றதும் கண்ணாடிக் குழாய்களும் அமிலங்களுமே மாணவர் நினைவுக்கு வருகின்றன. அதில் இன்பமும் உண்டா என்று புள்ளலூரில் பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு. உண்டு என்பதற்கு, 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் செய்த ஒரு சோதனையே சான்று.

வீணைத் தந்தியை மீட்டினால், அடிநாதத்தின் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்ணுடைய கிளைநாதங்கள் உடன் எழுந்து இசைகின்றன. சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலில் அவ்விசைவு இல்லை. ஆதலின் வெறும் முழக்கமே கேட்கும். அங்ஙனமாயின், மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் தம்பூராவின் சுருதியோடு இணைவது எவ்வாறு?

ராமன் இதைக் குறித்து 1920-இல் கல்கத்தாவிலிருந்து சிவகாளி குமாருடன் ஒரு குறிப்பு வெளியிட்டார். 1934-இல் பெங்களூரிலிருந்து விரிவாக எழுதினார். தோலின்மீது நுண்மணலைத் தூவி, விரல்பட வேண்டிய இடத்தில் பட, தட்டிப் பார்த்தார். அதிரும் இடத்து மணல் துள்ளி விலகி, அதிராத கோடுகளில் போய் நின்றது. செவி கேட்ட நாதத்தைக் கண்ணும் கண்டது! ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே இசைநாதங்களுள் அடங்குவதை அவர் கண்டறிந்தார். நடுவில் பூசிய கரணையின் பாரமே இதற்கு முதற்காரணம்.

கல்தூளையும் சோற்றையும் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்த நம் கைவினைஞர், ஒரு சூத்திரமும் எழுதாமல் செவியாலேயே இதனைச் சாதித்திருந்தனர். அவர்தம் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்களுடைய அறிவைப் பௌதிகத்தின் ஏட்டில் ஏற்றியவர் ராமன்.

மாணவர்களே, மிருதங்கக்காரரின் அனுமதி பெற்று நீங்களும் இதனைச் செய்து பாருங்கள். முடிந்ததும் மணலைத் துடைத்துக் கொடுக்க மறவாதீர்கள்.