அம்பயர் இல்லாத டென்னிஸ் மேட்ச்... சந்தேகம் வந்தா பாயின்ட் யாருக்கு?

2025-ல விம்பிள்டன், லைன் ஜட்ஜ்களுக்கே விடை கொடுத்துடுச்சு. பந்து உள்ளேயா வெளியேயான்னு இப்போ கேமராதான் சொல்லுது. ஆனா, வீக் எண்ட்ல லீக் ஆடுறவங்களுக்கு கேமராவும் கிடையாது, அம்பயரும் கிடையாது. அவங்கவங்க பக்கம் விழுற பந்துக்கு அவங்கவங்கதான் நடுவர். சண்டை ஆரம்பிக்கிறதும் அங்கதான்!

அமெரிக்காவுல வேலைக்குப் போறவங்க, ரிட்டயர் ஆனவங்கன்னு பலரும் ஆடுற யு.எஸ்.டி.ஏ லீக்ல பெரும்பாலான மேட்ச் இப்படித்தான் நடக்குது. அதுக்காகவே 'தி கோட்'னு ஒரு வழிகாட்டி இருக்கு. அதோட அடிப்படை ஒண்ணுதான்: சந்தேகம்னா பாயின்ட் எதிராளிக்கு.

பந்து லைனுக்கு வெளியே விழுந்தது உங்க கண்ணுக்குத் தெளிவா தெரிஞ்சா மட்டும்தான் நீங்க 'அவுட்' சொல்லலாம். லைன் ஓரத்துல லேசா உரசியிருந்தாலும் அது உள்ளேதான். 'சரியா பார்க்கலை, திரும்ப ஆடலாமா?'ன்னு கேட்கிறது பெருந்தன்மை மாதிரி தெரியும். நிறைய பேர் சறுக்குறது இங்கதான். நீங்க பார்க்கலைன்னா பந்து உள்ளே, அவ்வளவுதான். டபுள்ஸ்ல நீங்க 'அவுட்'னு சொல்லி, உங்க பார்ட்னர் 'உள்ளே'ன்னு சொன்னாலும் பாயின்ட் அந்தப் பக்கம் போயிடும். 'அவுட்'னு கத்தின பிறகு தப்புன்னு புரிஞ்சா, உடனே மாத்திச் சொல்லணும். பாயின்ட் போகும், ஆனா, அடுத்த வாரமும் அதே ஆட்கள்கூடதான் ஆடணும் இல்லையா? வெளியே உட்கார்ந்திருக்கிற நண்பர்கிட்ட கேட்கிறதெல்லாம் கூடவே கூடாது.

அவுட் ஆகப்போற பந்தைப் பிடிக்கலாமா?

பேஸ்லைனுக்குப் பின்னாடி நிக்கிறீங்க. பந்து எப்படியும் வெளியேதான் போகப்போகுது. சும்மா கையை நீட்டிப் பிடிச்சிடுறீங்க. பாயின்ட் காலி! தரையில படுறதுக்கு முன்னாடி பந்து உங்க மேல பட்டா, நீங்க எங்க நின்னாலும் பாயின்ட் எதிராளிக்குத்தான். கொஞ்சம் கறாரான விதிதான். ஆனா, 'எப்படியும் அவுட் ஆகியிருக்கும்'ங்கிற யூகத்தை வெச்சு யாரும் மேட்ச் ஆட முடியாதே! எதிராளி போடுற சர்வ் நேரா வந்து உங்க டபுள்ஸ் பார்ட்னர் தோள்ல பட்டாலும் இதே கதைதான். வலியும் உங்களுக்கு, நஷ்டமும் உங்களுக்கு.

நெட்டைத் தாண்டி ராக்கெட் போகவே கூடாதுன்னு சொல்வாங்க. அது பாதி உண்மை. பந்து உங்க பக்கம் குத்தி, சுழற்சியில திரும்ப எதிர்ப்பக்கம் போனா, எட்டி அடிக்கலாம். நெட் மேல மட்டும் படக் கூடாது. சர்வ் போட மேல தூக்கின பந்து சரியா வரலைன்னா பிடிச்சுக்கலாம். ராக்கெட்டை வீசித் தவறவிட்டாதான் ஃபால்ட்.

பக்கத்து கோர்ட் பந்து உருண்டு வந்தா, உடனே 'லெட்' கேளுங்க. உங்க ஷாட் நெட்ல போய் முட்டின பிறகு கேட்டா செல்லாது.

ஸ்கோர் தகராறு வராம இருக்க, ஒவ்வொரு பாயின்டுக்கும் முன்னாடி சர்வ் போடுறவர் அதைச் சத்தமா சொல்லணும். அப்பவும் குழப்பமா? ரெண்டு பேரும் ஒத்துக்கிற பாயின்ட்களை அப்படியே வெச்சுக்கிட்டு, தகராறான பாயின்டை மட்டும் திரும்ப ஆடுங்க. அதுக்கும் ஒத்துவரலைன்னா, டாஸ் போட்டுடுங்க.