நிற்கப் பழகிய பிறகே சறுக்கு

பனிச்சறுக்குக்கு முதன்முறை போகிறவர் பனியில் கால் வைக்கும் முன்பே ஒரு வாடகைக் கடையில் நிற்க வேண்டியிருக்கும். மேசைக்கு அந்தப்புறம் இருப்பவர் எடை, உயரம், வயது, எந்த அளவுக்குச் சறுக்கத் தெரியும் என்று வரிசையாகக் கேட்பார். பூட்ஸின் அடிப்பாக நீளத்தையும் பார்த்துக்கொண்டு, திருப்புளியால் ஒரு திருகைத் திருப்புவார். ஸ்கீ எனும் சறுக்குப் பலகையின் மேல் பூட்ஸைக் கவ்வும் பைண்டிங்கில் ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பு உண்டு. அதில் ஓர் எண் நகர்ந்து வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் சரிவு. அங்கேயும் பயிற்சியாளர் முதலில் சொல்லித் தருவது எப்படி நிற்பது என்பதைத்தான். இந்த முன்னேற்பாடுகள் இன்றைய வடிவத்துக்கு வர நூறாண்டு பிடித்தது. அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் முறிந்த கால்களின் கதை இருக்கிறது.

நார்வேயில் மரப்பலகை கட்டிப் பனிமேல் போவது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். அங்கே குழந்தைகள் நடக்கப் பழகிய கையோடு அதையும் பழகிக்கொண்டார்கள். அவர்களுக்கு வகுப்பு தேவைப்படவில்லை. டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்ற ஊரில் 1825-ல் பிறந்த சோண்ட்ரே நோர்ஹைம் அந்தப் பலகையில் ஒரு மாற்றம் செய்தார். அதுவரை பெரும்பாலும் கால்விரல் பகுதியை மட்டுமே ஒரு வார் பிடித்திருந்தது. அவர் வளைந்து கொடுக்கும் மரக்கொடியை முறுக்கிக் குதிகாலையும் சுற்றிக் கட்டினார். பலகை காலோடு நின்றதால் திரும்பவும் குதிக்கவும் முடிந்தது. 1868-ல், 42 வயதில், இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவுக்குப் போட்டிக்கு வந்து தலைநகரத்தாரை வியக்க வைத்தார்.

ஆல்ப்ஸ் மலைக்கு அந்த வித்தை அப்படியே பொருந்தவில்லை. ஃப்ரித்யோஃப் நான்சென் 1888-ல் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் கடந்து எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தது. ஆஸ்திரியாவில் லீலியென்ஃபெல்ட் அருகே ஒரு பண்ணையில் தனியாக வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி அதைப் படித்துவிட்டு நார்வேயிலிருந்து ஸ்கீகளை வரவழைத்தார். செங்குத்தான காட்டுச் சரிவில் அந்த நீளமான பலகைகள் திரும்ப மறுத்தன. அவர் ஸ்கீயைக் குட்டையாக்கினார். உலோகத் தகடு வைத்த பைண்டிங் செய்தார். ஒற்றைக் கோலை ஊன்றி, பலகைகளை விரித்து, வேகத்தை அடக்கி இறங்கும் முறையை வகுத்து நூலாகவும் வெளியிட்டார். 1905 மார்ச் 19 அன்று முக்கென்கோகெல் மலையில் கம்புகள் நட்டு 85 வாயில்கள் அமைத்து 24 பேரை இறங்கச் செய்தார். சரிவில் தன்னை அடக்கி ஓட்டத் தெரிகிறதா என்பதுதான் அங்கே பரீட்சை. அவரது முறையைப் பழகிய ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவ மேஜர் தியோடோர் ஃபான் லெர்ஷ் 1911 ஜனவரியில் ஜப்பானின் தகாடா ஊரில் அந்நாட்டுச் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஜப்பான் இன்றும் அதையே தன் பனிச்சறுக்கின் தொடக்கமாகக் கொண்டாடுகிறது.

ஆனால் இன்று உலகெங்கும் முதல் நாள் மாணவர் அனுபவிக்கும் வகுப்பின் தகப்பன் ஹானெஸ் ஷ்னைடர்தான். ஆர்ல்பெர்க் கணவாய்க்குப் பக்கத்தில் ஸ்டூபென் என்ற சிற்றூரில் 1890-ல் பிறந்தவர். 1907-ல், பதினேழு வயதில், சாங்க்ட் ஆன்டோன் ஊரின் போஸ்ட் ஹோட்டலில் விருந்தினருக்குச் சறுக்கச் சொல்லித் தரும் வேலையில் சேர்ந்தார். முதல் உலகப் போர் அவர் கையில் மலைப்படைச் சிப்பாய்களை ஒப்படைத்தது. பனியையே பார்க்காதவர்களைக் கூட்டமாக, விரைவாக, கால் முறியாமல் தேற்றியாக வேண்டும். திறமைசாலியைப் பார்த்து மற்றவர்கள் தாமாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட அங்கே நேரமில்லை. படிப்படியான பாடத்திட்டம் அந்த நெருக்கடியில் உறுதிப்பட்டது.

போருக்குப்பின் 1921-ல் அவர் தொடங்கிய பள்ளியில் முதல் பாடம் பனிக்கலப்பை நிலை. முன்முனைகள் நெருங்க, பின்முனைகள் அகல, முழங்கால் மடித்துத் தாழ்ந்து, உள்விளிம்புகளால் பனியை அழுத்தினால் வேகம் குறையும். இன்னும் அழுத்தினால் நின்றுவிடலாம். ஒரு காலில் எடையை மாற்றினால் மறுபக்கம் திரும்பலாம். இது கைவந்தவர்தான் அடுத்த குழுவுக்குப் போவார். அங்கே ஒரு ஸ்கீயை மட்டும் விரித்துத் திரும்பும் பாடம். பிறகு இரண்டையும் சேர்த்துத் திரும்புவது. இன்று பிள்ளைகளிடம் ‘பீட்சா’ என்று சொல்லிப் பலகைகளை விரிக்க வைக்கிறார்களே, அது இந்த முதல் பாடம்தான். திறமைப்படி குழு பிரிப்பதும், ஒரே பள்ளியின் எல்லா ஆசிரியரும் ஒரே முறையில் கற்பிப்பதும் அவர் வழிக்குப் பலம் சேர்த்தன. இயக்குநர் ஆர்னால்ட் ஃபாங்க்கின் திரைப்படங்கள் அவரை உலகறியச் செய்தன. 1930-ல் ஜப்பானுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் நாஜி எதிர்ப்பாளரான ஷ்னைடரைச் சிறையில் தள்ளினார்கள். அமெரிக்க வங்கியாளர் ஹார்வி கிப்சன் எடுத்த முயற்சியால் வெளியேறி, 1939 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நார்த் கான்வே ரயில் நிலையத்தில் குடும்பத்தோடு இறங்கினார். ஊர்ப்பிள்ளைகள் ஸ்கீ கோல்களை உயர்த்தி வளைவு போலப் பிடிக்க, அதனடியில் நடந்து போனார். 1955-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். ஒரு விளையாட்டின் ஆசிரியருக்கு அந்த வரவேற்பைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது.

ஷ்னைடர் அமெரிக்கா வருவதற்குள் விளையாட்டே மாறத் தொடங்கியிருந்தது. முன்பெல்லாம் ஏறியவர்தான் இறங்க முடியும். ஒரு முறை சறுக்க ஒரு மணி நேரம் மலை ஏறியவர்கள் உண்டு. 1936-ல் அமெரிக்காவின் சன் வேலியில் நாற்காலி லிஃப்ட் வந்தது. வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலுக்கு ஏற்றும் கம்பிவடத்தைப் பார்த்து, கொக்கிக்குப் பதில் நாற்காலி மாட்டலாம் என்று எண்ணினார் பொறியாளர் ஜேம்ஸ் கரன். இனி ஒரே நாளில் பல முறை இறங்கலாம். விழவும் அத்தனை வாய்ப்பு.

விழும்போது கால்தான் மாட்டிக்கொண்டது. 1930களில் பரவிய கண்டஹார் பைண்டிங், கம்பிவடத்தால் குதிகாலைப் பலகையோடு இழுத்துப் பிடித்தது. பெயர் வந்த வழி நம் துணைக்கண்டத்தின் அண்டையோடு சேர்ந்தது: ஆப்கன் போரில் பெயர் பெற்ற கண்டஹார் ராபர்ட்ஸ் பிரபு 1911-ல் ஒரு சறுக்குப் போட்டிக்குக் கோப்பை தந்தார்; அந்தப் பெயரே பின்னர் பைண்டிங்குக்கும் வந்தது. கட்டுப்பாடு கூடியது, ஆனால் விழுந்தவரின் கால் திருகியபோது பலகை விடவில்லை. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹியால்மர் ஹ்வாம் 1937-ல் ஹுட் மலையில் காலை முறித்துக்கொண்டார். மயக்க மருந்து தெளிந்ததும் செவிலியரிடம் பென்சிலும் தாளும் கேட்டு, கால் திருகினால் தானே விட்டுவிடும் கொக்கியை வரைந்ததாகப் பின்னாளில் சொன்னார். அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அந்தப் படம் வாடகைக் கடையின் எண்ணாக மாற இன்னும் பல ஆண்டுகள் ஆயின. தோல் பூட்ஸின் இடத்தை 1960களில் பிளாஸ்டிக் பூட்ஸ் பிடிக்கத் தொடங்கியது. அது கணுக்காலைக் காத்தது. விசை மேலே ஏறிக் கெண்டைக்கால் எலும்பைத் தாக்கியது. எவ்வளவு விசையில் பூட்ஸை விட வேண்டும் என்பதைச் சறுக்குபவரின் உடலை வைத்துக் கணக்கிடும் தரநிலை வந்தபின் கெண்டைக்கால் முறிவு பெரிதும் குறைந்தது. முழங்கால் தசைநார் கிழிவதை மட்டும் இன்றைய பைண்டிங்காலும் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

இரு கால்களையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டு பிற்காலத்தது. 1965-ல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பென் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீகளைச் சேர்த்துப் பிணைத்ததுதான் அதன் முன்னோடி. 1980களில் அமெரிக்க மலைகள் பலவற்றில் அதற்கு இடமில்லை. ஆல்ட்டா, டீர் வேலி, மேட் ரிவர் கிளென் ஆகிய மூன்றும் இன்னமும் அதை அனுமதிப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து பனிச்சறுக்குப் பழகப் போகிறவர்களுக்குக் காஷ்மீரின் குல்மார்க் ஒரு வழி. அங்கே பிரிட்டிஷார் 1927-லேயே இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள். கம்பிவடத்தில் ஓடும் கோண்டோலாவில் ஏறி அபர்வத் மலையின் உச்சிப்பக்கம் போகும் ஆசையை முதல் நாள் தள்ளி வையுங்கள். புல்வெளிக் கிண்ணத்தின் மென்சரிவில், நின்ற பிறகு நகரப் பழகுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸ் வேண்டாம், ஒன்று போதும். மடிப்பு விழுந்தால் பூட்ஸுக்குள் கால் வலிக்கும். கடையில் எடையைக் கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள். தேவையில்லாத நேரத்தில் பலகை கழன்றுவிடும். திறமையைக் கூட்டியும் சொல்லாதீர்கள். கழல வேண்டிய நேரத்தில் கழலாது.